மணிமுத்தாறு மலையில் ஓடலாமா?

டிரெயில் ரன்னிங் என்று சொல்கிறார்களே, தார் ரோட்டை விட்டுவிட்டு மண்பாதை, மலைப்பாதை, காட்டுப்பாதை என்று ஓடுவது, அந்தப் பழக்கம் இப்போது நம்ம திருநெல்வேலிப் பக்கமும் வந்துவிட்டது. பாளையங்கோட்டை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போனவர்கள் மேற்கே நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்த்தால் மலை நிற்கிறது. உடனே ஒரு கேள்வி: "அண்ணாச்சி, மணிமுத்தாறு செக்போஸ்டுலேருந்து மாஞ்சோலைக்கு ஓடியே ஏறிரலாமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் ஓடுகிறவர்களுக்கு எச்சில் ஊறும். அணைப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் மாஞ்சோலை, ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு. அதாவது நூறு மீட்டர் ஓடினால் நாலரை மீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் நின்றுவிடாது. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குளிரும் மேகமும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகிற இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் உண்டு. வெயிலுக்குப் பேர்போன திருநெல்வேலியிலிருந்து ஒரு காலையில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இப்படி ஓர் இடம்!

பதில் என்னவென்றால், ஓட முடியாது. சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் ஓடக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் பிரயோசனமில்லை. ஏன் முடியாது, வேறு நாடுகளில் எப்படி முடிகிறது, முடியாத இடத்தில் யார் யார் போகிறார்கள், நமக்கு வேறு எங்கே வழி, இதையெல்லாம் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில் பார்த்திருப்பது அட்லாண்டிக் தீவுகளை. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா, ஸ்பெயினின் கனேரித் தீவுகள். உலகத்தில் மலை ஓட்டத்துக்குப் பேர்போன இடங்கள் இவை. லா பால்மா தீவில் டிரான்ஸ்வுல்கேனியா என்று ஒரு பந்தயம். தெற்கு முனையில் கடலோரக் கலங்கரை விளக்கத்தடியில் தொடங்கி, எரிமலை முகடுகள் வழியாக 2,426 மீட்டர் உயர உச்சிக்கு ஏறி, மறுபடி கடல் வரை இறங்குகிற 70 சொச்சம் கிலோமீட்டர். மதீராவில் எம்ஐயுடி என்று சுருக்கமாகச் சொல்கிற பந்தயம், 115 கிலோமீட்டர். நடுராத்திரி 12 மணிக்குத் தீவின் ஒரு மூலையில் கிளம்பி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மலை முதுகெலும்பு முழுக்க ஓடி மறு மூலையில் இறங்குவார்கள். பாதையில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட காடு. மதீராவின் லாரல் காடு 1999லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்து. பக்கத்து லா கொமேரா தீவின் கரஹொனாய் காட்டுக்கு 1986லேயே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும் 2012லிருந்து உலகப் பாரம்பரியச் சொத்துதான். அதில் அகத்தியமலைத் தொகுதியும் சேர்த்தி. ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். மதீராவின் உயரமான சிகரம் பிகோ ருய்வோ 1,862 மீட்டர். நம்ம பொதிகை, அதாவது அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். ஆறு மீட்டர்தான் வித்தியாசம். மதீரா தீவின் பரப்பு சுமார் 740 சதுர கிலோமீட்டர். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி சுமார் 895 சதுர கிலோமீட்டர். மரங்கள்கூடத் தூரத்துச் சொந்தம்: அங்கே காட்டை ஆள்கிற லாரல் குடும்பம்தான் நம்ம மலையில் இலவங்க மரமாகவும் குளமாவாகவும் நிற்கிறது. இரண்டு காட்டுக்கும் வேலை ஒன்று, மேகத்திலிருந்து தண்ணீரைப் பிடித்துக் கீழே அனுப்புவது.

அப்படியென்றால் அங்கே ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி முழுக்க ஓடலாம், இங்கே ஒருத்தர் பகலில் ஓடக்கூடாதா?

முதல் வித்தியாசம் மிருகம். மதீரா, கடலுக்கு நடுவே எரிமலை கக்கி உண்டான தீவு. எந்தக் கண்டத்தோடும் அது ஒட்டியிருந்ததே இல்லை. அதனால் அந்த மண்ணுக்கே உரிய பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மற்றதெல்லாம் மனிதன் கொண்டுபோய் விட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குக் காட்டுக்குள் ஓடுகிறவருக்கு அங்கே இருக்கிற ஆபத்து கால் இடறுவது, குளிர், பள்ளம், அவ்வளவுதான். அவரால் காட்டுக்கு வருகிற ஆபத்து வேறு வகை: பாதை அரிப்பு, ஷூவில் ஒட்டிவருகிற அந்நிய விதை, உயரத்தில் கூடு கட்டும் பறவைக்குத் தொந்தரவு. ஃப்ரெய்ரா என்று ஒரு கடற்பறவை, உலகத்திலேயே மதீராவின் மலை உச்சிகளில் மட்டும் குஞ்சு பொரிப்பது. அழிந்தேபோய்விட்டது என்று நினைத்திருந்து 1969இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் நூறு ஜோடி தேறுவது கஷ்டம். 2010இல் வந்த காட்டுத்தீயில் அந்த வருஷத்துக் குஞ்சுகளில் பெரும்பகுதி செத்துப்போயின. மிருகமில்லாத தீவிலும் கவலை இல்லாமல் இல்லை.

அகத்தியமலை கதை வேறு. யானை, காட்டுமாடு, சிறுத்தை, புலி, கரடி எல்லாம் உண்டு. இதில் ஓடுகிறவர் முதலில் பயப்பட வேண்டியது புலிக்கு அல்ல, கரடிக்கு என்பேன். கரடிக்குப் பார்வை மட்டு. கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் வருகிற சத்தமும் சரியாக அதன் காதில் விழாது. நடந்து போகிறவர் பேசிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவார். கரடி நாலு நிமிஷம் முன்னாடியே விலகிவிடும். ஓடுகிறவர் தனியாக, பேசாமல், மெத்தென்ற ஷூவில், வளைவைச் சட்டென்று திரும்பி வருவார். பத்தடி தூரத்தில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம். கரடிக்கு யோசிக்க நேரமில்லை, அடித்துவிட்டுத்தான் ஓடும். 2022 நவம்பரில் கடையம் பக்கம் மசாலா வியாபாரி ஒருவரையும் உதவிக்குப் போனவர்களையும் ஒரு கரடி தாக்கியது நினைவிருக்கலாம். அது காட்டுக்குள்ளேகூட இல்லை, ஊருக்குப் போகிற ரோட்டில். 2023 ஏப்ரலில் இத்தாலியின் திரெந்தினோ மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் கரடி அடித்து இறந்தார். அது வேறு இனக் கரடி, ஆனால் வேகமும் திடுக்கிடலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

யானைக்கு வருவோம். நம்மில் சுமாராக ஓடுகிறவர் மணிக்கு 10 கிலோமீட்டர் போவார். யானை முடுக்கினால் 20க்கு மேல். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சிறுத்தை, புலி விஷயத்தில் காட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் பாடமே "ஓடாதே" என்பதுதான். முதுகைக் காட்டி ஓடுவது துரத்தச் சொல்லி அழைக்கிற மாதிரி. டிரெயில் ரன்னிங் என்பதே முதுகைக் காட்டி ஓடுவதுதானே!

இதில் நேரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஓடுகிறவர்களுக்குப் பிடித்த நேரம் விடியற்காலை அஞ்சு மணியிலிருந்து ஏழு, இல்லாவிட்டால் சாயங்காலம். மிருகங்களுக்கும் அதே நேரம்தான். பகல் வெயிலில் அவையும் படுத்துவிடும், நாமும் படுத்துவிடுவோம். ஆக இரண்டு தரப்பும் ஒரே பாதையை ஒரே மணிக்குக் கேட்கிறது. பகலில் மனிதன் அதிகமாக நடமாடுகிற காடுகளில் மிருகங்கள் தங்கள் வேலையை ராத்திரிக்குத் தள்ளிக்கொள்வது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். ராத்திரியும் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் அவற்றுக்கு மிச்சமிருக்கிற நேரம் எது?

அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டு, அது கம்பம் ஊருக்குள் வந்து, மறுபடி பிடித்து, 2023 ஜூன் மாதம் நம்ம மேல்கோதையாறு பக்கம் முத்துக்குழியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த யானை செப்டம்பரில் நாலுமுக்கு எஸ்டேட்டுக்கு வந்து நின்றது. மாஞ்சோலை ரோட்டில் ஓடலாமா என்று கேட்கிறவர்கள் இதை மனசில் வைக்க வேண்டும். அந்த மேட்டில் தேயிலை இருந்ததே தவிர, காடு நாலு பக்கமும் ஒட்டித்தான் இருந்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முண்டந்துறை 1962இல் புலிகளுக்கான சரணாலயம் ஆனது. களக்காடு 1976இல், சோலைமந்திக்காக. இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று பட்டியல் போடுகிறது: பணியில் இருக்கிற அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நிலத்தில் உரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவர், இவர்களைச் சார்ந்தவர்கள். அனுமதி எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது: ஆய்வு, போட்டோ, சுற்றுலா, அங்கே வசிப்பவர்களோடு முறையான கொடுக்கல் வாங்கல் இப்படி. விளையாட்டு, பந்தயம் என்ற சொல்லே அதில் கிடையாது. "நான் ரோட்டு வழியாகக் கடந்துதானே போகிறேன்" என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பார்கள். மாஞ்சோலை ரோடு எந்த ஊருக்கும் கடந்து போகிற ரோடு அல்ல சார். பஸ் குதிரைவெட்டியோடு திரும்பிவிடும். போகிறவர் அந்தக் காட்டுக்கே போகிறார். அதனால்தான் மணிமுத்தாறில் செக்போஸ்ட்.

மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தது 2018இல். காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்துபோனார்கள். பெண்கள் பலர். அதற்குப் பிறகுதான் எந்தப் பாதை, எத்தனை பேர், கூட வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல் என்று ஒழுங்கு வந்தது. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டியாக வைத்து நடத்த ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் அது நடைக்கு.

சரி, இப்போது கஷ்டமான கேள்வி. ஓடுகிறவர்கள் கேட்பது: "ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோவிலுக்கு லட்சக்கணக்கில் ஜனம் போகுதே, குடில் போட்டுத் தங்குது, சமைக்குது, ஆத்துல துணியைப் போடுது. அப்போ கெடாத காடு, நான் ஒருத்தன் ஷூ போட்டு ஓடினா கெட்டுருமா?"

இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. காரையாறு கோவில் புலிகள் காப்பகத்துக்குள்ளேதான் இருக்கிறது. திருவிழாவின் குப்பையும் சத்தமும் நிஜம். வனத்துறை வருஷா வருஷம் நாட்களைக் குறைப்பதும், சொந்த வண்டியைத் தடுத்து பஸ்ஸில் ஏற்றுவதும், பிளாஸ்டிக்கைப் பிடுங்குவதும், பக்தர்கள் கோபப்படுவதும் நிஜம். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. திருவிழா ஓர் இடத்தில், தெரிந்த நாளில், ஆற்றங்கரையில் நடக்கிறது. யானைக்கும் அந்தத் தேதி கிட்டத்தட்டத் தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஓட்டக்காரர் வேண்டுவது அதற்கு நேர் எதிர்: எந்த நாளும், எந்தப் பாதையும், ஆள் இல்லாத இடம். ஆள் இல்லாத இடம் என்பதற்குக் காட்டில் வேறு பெயர், மிருகம் இருக்கிற இடம். பத்தாயிரம் பேர் ஒரு ரோட்டில் போவதைவிட, பத்துப் பேர் பத்துப் பாதையில் தினமும் போவது காட்டை அதிகமாக வெட்டும். அதை ஜிபிஎஸ்ஸில் பதிந்து செயலியில் போட்டுவிட்டால் அடுத்த வாரம் இருபது பேர்.

இந்தக் கோவிலில் ஒரு விஷயம், ஓடுகிறவர்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். உள்ளே பட்டவராயன் சன்னதி. முத்துப்பட்டன் கதை கேட்டிருப்பீர்கள். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடிச் செத்தவன். அவனுக்கு நேர்ந்துகொண்டு தோல் செருப்பு செய்து கட்டுவார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், ராத்திரியெல்லாம் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவருகிறான் என்பது நம்பிக்கை. அந்தக் காட்டில் ராத்திரிக் காலடி ஏற்கெனவே ஒருத்தருக்கு ஒதுக்கியாச்சு!

மாஞ்சோலைப் பாதைகளைப் பற்றி எழுதும்போது அவற்றைப் போட்டவர்களைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா கம்பெனி எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை, காப்பி நட்டது கூலிக்கு வந்த ஜனம். கணக்குப்பிள்ளை, கங்காணி, காலை மஸ்டர், முதுகில் கூடை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் போகிற குறுக்குப் பாதைகள், கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகிற படிக்கட்டுத் தடம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின வழி, எல்லாம் அவர்கள் கால் போட்டது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் சிறையிலிருந்தவர்களின் விடுதலையும் கேட்டு அவர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கொக்கிரகுளம் பாலத்தில் காலையில் ஓடுகிறவர்கள் பலர் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.

குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும் கம்பெனி முன்னாலேயே விலகிக்கொள்ள முடிவெடுத்தது. 2024 ஜூனில் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள். "விருப்பம்" என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள். தோட்டத்தை அரசின் டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு உத்தரவிட மறுத்தது. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொன்னது. நாலைந்து தலைமுறை இருந்த லயன் வீடுகளை விட்டு ஜனம் இறங்கிக்கொண்டிருக்கிறது. தேயிலை கவனிப்பார் இல்லாமல் மரமாக வளரும். தேயிலைச் செடி என்று நாம் சொல்வது, வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கிற ஒரு மரம்தானே.

இந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம். இப்படிக் காலியான மலை எஸ்டேட் என்றால் அடுத்து ரிசார்ட், அடுத்து 'அட்வென்ச்சர்', அடுத்து 50 கிலோமீட்டர் பந்தயம் என்று யாராவது கணக்குப் போடுவார்கள். கர்நாடகத்தில் மலநாட்டுக் காப்பித் தோட்டங்களில் அப்படி ஒரு பந்தயம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அது தனியார் தோட்டம், ஜனம் வாழ்கிற, வேலை நடக்கிற நிலம். மாஞ்சோலை புலிகள் காப்பகத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் காட்டுக்காக இறக்கிவிட்டு, அதே பாதையில் வெளியூர்க்காரரை நம்பர் குத்தி ஓடவிட்டால் அதைவிட அசிங்கம் இருக்க முடியாது. அங்கே காலடிக்கு இடம் உண்டென்றால் முதல் உரிமை அவர்களுக்கு. வருஷத்தில் சில நாள், கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வைக்கவும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட வேண்டும். அதைச் சொரிமுத்தய்யனார் கோவிலுக்குச் செய்யத் தெரிந்த அரசாங்கத்துக்கு இதுவும் செய்யத் தெரியும். அதேபோல் காணிக்காரர்கள். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று இருக்கிற அவர்களுடைய தடங்கள் நமக்கு 'டிரெயில்' அல்ல. அவர்கள் வீட்டு வாசல்.

மதீரா பாதைகளும் ஓடுவதற்காக உண்டானவை அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தத் தீவின் வடக்குப் பக்கம் மழை கொட்டும், தெற்கு காய்ந்து கிடக்கும். 15ஆம் நூற்றாண்டிலிருந்து கரும்புக்காக வடக்குத் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோக மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டினார்கள். லெவாடா என்று பெயர். இன்றைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வாய்க்காலில் இலை அடைக்காமல், மடை உடையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தினமும் நடக்க வேண்டும். அவர் நடக்கிற ஒரு முழ அகலத் தடம்தான் இன்றைக்கு உலகம் முழுக்க வந்து நடக்கிற சுற்றுலாப் பாதை. மலைக்கு மேல் எவ்வளவு ஏறினாலும் வாய்க்கால் கரை மட்டமாகத்தான் போகும், ஏனென்றால் தண்ணீர் அப்படித்தான் போகும். கூட்டம் தாங்காமல் 2025 தொடக்கத்தில் வெளியூர்க்காரர்களிடம் பாதைக்கு 3 யூரோ வசூலிக்க ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்ட் தீக்குப் பிறகு பேர்போன சிகரப் பாதை ஒன்றை மூடியும் வைத்தார்கள். கனேரியின் டெய்டே உச்சிக்கு முன்பதிவு அனுமதி இல்லாமல் ஏற முடியாது. "அங்கெல்லாம் சுதந்திரம்" என்பது பாதி உண்மைதான்.

வாய்க்கால் கரை என்று படித்ததும் திருநெல்வேலிக்காரருக்கு ஏதாவது தோன்ற வேண்டுமே! தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாய்க்குக் கரை, கரைமேல் தடம். அது போக மணிமுத்தாறு அணை. காமராஜர் காலத்தில், 1958இல் முடிந்தது, 118 அடி கொள்ளளவு. அதிலிருந்து பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து வறண்ட பூமியை நோக்கி 40 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வடக்கு ஈரத்தைத் தெற்கு வறட்சிக்குக் கொண்டுபோன மதீராக்காரன் செய்த அதே வேலை.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்து ஆள் ஒருவர் அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவை ஓட்டிவிட்டு, அது போன வழியெல்லாம் வாய்க்கால் வெட்டினாராம். பசு வளைந்த இடத்தில் வாய்க்காலும் வளைந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவிப் பக்கம் அந்தக் கரையில் காலையில் ஓடிப் பாருங்கள், கதை உண்மையாக இருக்கலாம் என்றுதான் தோன்றும். ஒரு நேர்கோடு கிடையாது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் நெல், பின்னால் மலை. ஏற்றம் இல்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு மலைக்கு வெளியே ஊரை ஒட்டிய பொத்தைகள் இருக்கின்றன. ஆனால் அவையும் சில இடத்தில் வனத்துறை நிலம், கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கரையில் ஓடுவதற்கும் சில மரியாதைகள் உண்டு. கரை யாருக்கோ வேலை செய்கிற இடம். மடை பார்க்கிறவர் மண்வெட்டியோடு வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். பெண்கள் குளிக்கிற படித்துறை எது என்று முன்னாடியே தெரிந்துகொண்டு அந்த இடத்தில் கீழ்ரோட்டுக்கு இறங்கிவிட வேண்டும். போனைத் தூக்கிப் படம் எடுக்கவே கூடாது. கண்ணாடி விரியன் அறுவடைக் காலத்தில் வரப்பிலும் கரையிலும் இருக்கும், எலி இருக்கிற இடத்தில் அது இருக்கும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்புவது உத்தமம். மலையடிவாரத்தை ஒட்டிய கால்வாய்ப் பகுதியில் கரடியும் சிறுத்தையும் இறங்குவது உண்டு என்பதால் அங்கே விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் வேண்டாம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எங்கேயும் வேண்டாம். ஷூவின் அடியைக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பார்த்தீனியம் ஊர் ஊராகப் பரவுவது இப்படியும்தான்.

பருவமும் பார்க்க வேண்டும். கார் சாகுபடிக்கு ஜூனிலும் பிசானத்துக்கு மழையை ஒட்டியும் தண்ணீர் திறப்பார்கள். திறந்த முதல் வாரம் கரை ஊறி, கரிசல் கலந்த இடங்களில் ஷூவோடு ரெண்டு கிலோ மண் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் கரை உடைகிற பயம் உண்டு, அந்த நாட்களில் ரோட்டிலேயே ஓடிக்கொள்ளலாம். தை, மாசி சரியான காலம்: பிசானம் அறுப்புக்கு வந்திருக்கும், காற்று குளிர்ச்சியாக இருக்கும், கரை இறுகியிருக்கும். ஜனவரியில் ஏட்ரீயின் மணிமுத்தாறு மையத்துக்காரர்கள் 2011லிருந்து நடத்துகிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குளத்துக் கரைகளில் இருநோக்கியோடு நிற்பார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் ஓட வேண்டாம், பறவை எழும்பிவிடும். நின்று அவர்களோடு கொஞ்ச நேரம் எண்ணிக் கொடுக்கலாம்.